டாக்டர் ஹூ பாணியில் ஒரு சூப்பர்ஹீரோ ஒலி நாடகம் தயாரிப்பது எப்படி

சூப்பர்ஹீரோ கதை கண்ணுக்கென்றே உண்டானது. பளிச்சென்ற உடை, முகமூடி, முதுகில் பறக்கும் துணி, லாரியைத் தூக்கும் கை. ஒலி நாடகத்தில் இதில் ஒன்றும் தெரியாது. இருந்தும் இந்த வகைக் கதையின் முக்கியமான சில சரக்குகள் வானொலியில்தான் பிறந்தன. அமெரிக்காவில் 1940 பிப்ரவரி 12-ல் தொடங்கிய சூப்பர்மேன் வானொலித் தொடர்தான் பத்திரிகை ஆசிரியர் பெர்ரி ஒயிட்டைக் கொடுத்தது. சூப்பர்மேனைப் பலவீனமாக்கும் கிரிப்டோனைட் கல்லும் 1943-ல் முதலில் அதில்தான் வந்தது. காமிக்ஸ் பிறகுதான் அதை எடுத்துக்கொண்டது. காதை நம்பி எழுதினால் இந்த வகையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

'டாக்டர்' என்ற காலப்பயணியின் கதையான டாக்டர் ஹூ 1963 நவம்பர் 23-ல் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. பிக் ஃபினிஷ் நிறுவனம் 1999 ஜூலை முதல் அதன் ஒலி நாடகங்களை வெளியிட்டுவருகிறது. மாதாந்திர வரிசை மட்டுமே 275 வெளியீடுகள் வந்து 2021 மார்ச்சில் முடிந்தது. அந்த வரிசையின் வழக்கமான வடிவம், ஒவ்வொன்றும் 25 முதல் 30 நிமிடம் ஓடும் நான்கு பாகங்கள், கடைசிப் பாகம் தவிர ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தொக்கி நிற்கும் கட்டம். அதே வடிவத்தில், ஐந்தாறு குரல்களோடு, வீட்டு அறையில் ஒரு கதை பதிவு செய்யும் முறை கீழே.

உரிமை விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுவோம். டாக்டரும் அவருடைய காலக்கப்பல் டார்டிஸும் பிபிசியின் சொத்து. டாக்டரின் எதிரிகளான டாலெக்குகளில், அவற்றைப் படைத்த டெர்ரி நேஷனின் வாரிசுத் தரப்புக்கும் உரிமை உண்டு. பழகுவதற்கும் நண்பர்கள் வட்டத்துக்கும் அந்தப் பாத்திரங்களை வைத்து எழுதிப் பாருங்கள். ஊருக்கு வெளியிடுவதாக இருந்தால் உங்களுக்கென்று ஒரு காலப்பயணி, ஒரு கப்பல், ஒரு கப்பல் சத்தம் செய்துகொள்ளுங்கள். அடியில் சொல்லும் எதுவும் அதனால் மாறாது.

பவரைக் காதால் தேர்ந்தெடுங்கள்

பலரும் ஹீரோவின் பவரை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குச் சத்தம் தேடுவார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். எந்தப் பவர் சத்தமாக வாழும் என்று முதலில் பாருங்கள்.

ஒலி நாடகத்துக்கு மிகச் சிறந்த பவர் கூர்ந்த காது. ஹீரோ எதைக் கேட்கிறாரோ அதையே நேயரும் கேட்கலாம், விளக்கவே தேவையில்லை. பக்கத்து அறைப் பேச்சை 500 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி மங்கலாக வைத்து, ஹீரோ கவனிக்கத் தொடங்கியதும் இரண்டு விநாடியில் அந்த வடிகட்டியை மெல்லத் திறந்தால் போதும், சுவர் கரைந்துவிடும். பறப்பதும் பலமும் நடுத்தரம்: நன்றாகச் செய்தால் நிற்கும். ஊடுருவும் பார்வை மோசமானது. யாராவது ஒருவர் "அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா" என்று வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாமல் போவது காதுக்கு வீண் என்று தோன்றும். அப்படியில்லை. 1937-ல் ஆர்சன் வெல்ஸ் நடித்த தி ஷேடோ வானொலித் தொடரில், நாயகன் மறைந்ததும் அவர் குரல் தொலைபேசி போல வடிகட்டப்பட்டு வரும். அந்த ஒரு மாற்றமே 'இப்போது அவர் தெரியவில்லை' என்று சொல்லிவிடும். இன்னும் நல்ல உதாரணம் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிரிட்டிஷ் நாயகன்: 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். இதைச் சத்தமாக மாற்றிப் பாருங்கள்: ஒரு மின்பொறி வெடிப்பு, உடனே மூச்சும் காலடியும் நின்றுவிடுகின்றன, மேசை மேல் உலோக விரல்கள் தட்டும் ஒலி மட்டும் தொடர்கிறது. படத்தில் இருப்பதைவிட இது அதிகம் பயமுறுத்தும்.

இதிலிருந்து ஒரு விதி: ஒரு பவருக்கு ஒரே சத்தம், நாடகம் முழுக்க அதே சத்தம். முதல் முறை அது தனியாக, வேறு எதுவும் மேலே விழாமல், குறைந்தது மூன்று விநாடி கேட்க வேண்டும். இரண்டாம் முறை பாதி நேரம் போதும். மூன்றாம் முறை அரை விநாடி வந்தாலே நேயருக்குப் புரியும். நான்காம் பாகத்தில் அந்தச் சத்தம் வரவேண்டிய இடத்தில் வராமல் போனால், ஹீரோ பவரை இழந்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே தெரிந்துவிடும்.

கதையில் டாக்டருக்கு என்ன வேலை

டாக்டர் அடித்து ஜெயிப்பவர் அல்ல. பேசி, யோசித்து, ஏமாற்றி ஜெயிப்பவர். அவரை ஒரு சூப்பர்ஹீரோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், பலத்தால் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்று கதையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இருவரில் ஒருவர் வெட்டியாக நிற்பார். பல முயற்சிகள் சறுக்குவது இங்கேதான்: எதிரி பெரிய உருவம், ஹீரோ அடிக்கிறார், டாக்டர் ஓரமாக நின்று வர்ணனை செய்கிறார்.

2016 கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பான டாக்டர் ஹூ கதை 'தி ரிட்டர்ன் ஆஃப் டாக்டர் மிஸ்டீரியோ' இதை எப்படிச் சமாளித்தது என்று கவனியுங்கள். நியூயார்க் சிறுவன் கிராண்ட், டாக்டர் கையில் கொடுத்த ஒரு ரத்தினக்கல்லை மருந்து என்று நினைத்து விழுங்கிவிடுகிறான், பவர் வந்துவிடுகிறது. வளர்ந்தபின் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இரவில் 'தி கோஸ்ட்'. ஆக அந்தப் பவருக்கு டாக்டரே பொறுப்பாளி. கதையின் முடிச்சு இவர்கள் இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. எதிரி கூட இரண்டாம் பட்சம்தான். உங்கள் கதையிலும் இந்த இணைப்பைத் தேடுங்கள்: பவர் எங்கிருந்து வந்தது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள், டாக்டர் அதில் எங்கே நிற்கிறார்.

நான்கு பாகத்துக்கு நன்றாக ஓடும் ஒரு பங்கீடு: முதல் பாகத்தில் ஹீரோவை நேயர் தூரத்திலிருந்து மட்டும் கேட்கிறார், பாகத்தின் கடைசியில்தான் பக்கத்தில் வருகிறார். இரண்டாவதில் பவரின் மூலம் தெரிகிறது. மூன்றாவதில் அதே பவரால் கெடுதல் நடக்கிறது. நான்காவதில் ஹீரோ பவரைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டிய கட்டாயம். தொக்கி நிற்கும் கட்டங்கள் மூன்றும் சத்தத்தில் முடியட்டும். 'கதவு திறக்கிறது, உள்ளே யார் என்று பார்த்து டாக்டர் திகைக்கிறார்' என்பது தொலைக்காட்சிக்கு. ஒலியில், இறந்துபோனதாக நினைத்த ஒருவரின் குரல் இருட்டிலிருந்து டாக்டரின் பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்த பாகம் தொடங்கும்போது அந்தக் கட்டத்தின் கடைசி 30 முதல் 60 விநாடியைத் திரும்பப் போடுவது இந்தத் தொடரின் பழைய வழக்கம்.

ஸ்கிரிப்ட்

கண்ணால் பார்ப்பதை வாயால் சொல்லும் வசனம்தான் முதல் எதிரி. "ஐயோ, அந்தப் பத்து டன் லாரியை ஒரே கையால் தூக்குகிறாரே!" என்று எந்த மனிதரும் பேசமாட்டார். அதே இடத்தை இப்படி எழுதலாம்:

சத்தம் 14: இரும்பு முனகல், அச்சு நெளிதல். மூன்று விநாடி.
தோழி: டாக்டர்... சக்கரம் என் தலைக்கு மேல தொங்குது.
டாக்டர்: பேசாதே. மெதுவா வெளிய வா.
சத்தம் 15: லாரி கீழே விழுதல், தூசி.

யாரும் 'தூக்கினார்' என்று சொல்லவில்லை. பயப்படுகிறவர் பேசினால் படம் தானாக வரும். அந்த சூப்பர்மேன் தொடரில் வானத்தைக் காட்டிக் கூட்டம் கூவுவதும், நாயகன் எழும்பும்போது ஒரு குறிப்பிட்ட தொடரைச் சொல்வதும் இந்தத் தேவைக்காகத்தான். அந்த இரண்டும் இன்றுவரை நிற்பதற்குக் காரணம், அவை தகவல் போல ஒலிக்காமல் கூவல் போல ஒலிப்பது.

எழுதும்போது இவற்றைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் இடத்தின் எதிரொலியைக் குறியுங்கள்: 'மொட்டை மாடி, திறந்தவெளி, கீழே போக்குவரத்து', 'சுரங்கம், நீண்ட எதிரொலி'. ஒவ்வொரு சத்தத்துக்கும் எண் கொடுங்கள். ஒலித்தொகுப்பில் கோப்புகளுக்கு அதே எண் வரும், தேடி அலைய வேண்டாம். ஒரு காட்சியில் பேசுகிறவர்கள் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். நான்கைந்து வசனங்களுக்கு ஒருவர் வாயே திறக்கவில்லையென்றால் நேயர் மனதில் அவர் அறையை விட்டுப் போய்விட்டார். ஒரு "ம்" போதும், அவர் திரும்பி வந்துவிடுவார். நீளத்தைப் பக்கக் கணக்கில் நம்பாதீர்கள். தமிழில் ஒரே சொல்லில் ஒரு வாக்கியமே அடங்கும், ஆங்கில வார்த்தைக் கணக்கு இங்கே உதவாது. சத்தமாக வாசித்துக் கடிகாரத்தில் பாருங்கள். அதோடு, சத்தங்களுக்கும் இசைக்கும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சண்டை மிகுந்த பாகமாக இருந்தால் நாலில் ஒரு பங்கு.

ஒரே நடிகர், இரண்டு குரல்

ஒலியில் முகமூடிக்கு வேலையே இல்லை. குரல்தான் முகம். ஹீரோ வாயைத் திறந்ததும் அவர் யார் என்று நேயருக்குத் தெரிந்துவிடும், கூட இருக்கும் பாத்திரங்களுக்கு மட்டும் தெரியாது. இதை மறைக்கப் போராட வேண்டாம். நேயருக்குத் தெரிந்த ரகசியமாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு பதற்றம் சும்மாவே கிடைக்கும்.

வானொலி சூப்பர்மேனாக நடித்த பட் காலியர் காட்டிய வழி இன்றும் பொருந்தும். கிளார்க் கென்ட்டுக்கு மெல்லிய, உயர்ந்த குரல். ஒரே வாக்கியத்தின் நடுவில் அது இறங்கிக் கனத்து சூப்பர்மேன் ஆகும். இதற்கு மூன்று வேலைகள் உண்டு. ஒன்று, மாறுவதற்கென்று ஒரு வாக்கியத்தை ஸ்கிரிப்ட்டிலேயே எழுதுங்கள். கடைசி இரண்டு மூன்று சொற்களில் மாற்றம் நடக்க வேண்டும். இரண்டு, இறக்கத்தை நடிகரே செய்யட்டும். மென்பொருளில் சுருதியை இறக்கினால் தொண்டையின் அளவே மாறியதுபோல, ராட்சசன் மாதிரி ஒலிக்கும். அதே ஆள் என்ற நம்பிக்கை போய்விடும். மூன்று, மைக்கின் குணத்தைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான ஒருதிசை மைக்குகளில் வாய் நெருங்க நெருங்க அடிக்குரல் கூடும். சாதாரண ஆளாகப் பேசும்போது 25 செ.மீ. தள்ளி, ஹீரோவாகும்போது 8 செ.மீ. வரை நெருங்கினால் எந்த வடிகட்டியும் இல்லாமல் குரல் கனக்கும். அந்த நெருக்கத்தில் 'ப' எழுத்துகள் படபடவென்று வெடிக்கும், ஆகவே வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் வலைத்தடுப்பு கட்டாயம். வாயை மைக்குக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

முகமூடிக்குள்ளிருந்து வரும் குரல் வேண்டுமென்றால் உண்மையிலேயே ஒரு துணியைக் கட்டிப் பேசவைத்துப் பதிவு செய்வது தவறு. பின்னால் சரிசெய்ய முடியாது. தெளிவாகப் பதிந்துவிட்டு, 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் குறைத்து, 600 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் கூட்டுங்கள். புரியவில்லை என்றால் குறைத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள்.

வில்லன் இயந்திரக் குரலில் பேசினால் ரிங் மாடுலேட்டர் தேவைப்படும். டாலெக் குரலின் அடிப்படை அதுதான்: பேச்சலையை 30 ஹெர்ட்ஸ் அலையால் பெருக்குவது. 200 ஹெர்ட்ஸ் ஒலி உள்ளே போனால் 170-ம் 230-ம் வெளியே வரும். மூல ஒலி காணாமல் போகும். இங்கே பலர் ட்ரெமோலோ என்ற கருவியைப் போட்டுவிட்டு ஏன் அந்த வெறி வரவில்லை என்று குழம்புவார்கள். ட்ரெமோலோ ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது, மூல ஒலி உள்ளேயே இருக்கிறது. அதனால் நடுக்கம் மட்டும் கிடைக்கும். டாலெக்கை அப்படியே நகலெடுக்காமல் இருக்க அலையை 50 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்த்துங்கள். நடிகர் மெதுவாக, நெடில்களை இழுத்து, ஒரே சுருதியில் பேச வேண்டும். மெய்யெழுத்துகள் மங்கினால் மாற்றாத குரலை அடியில் நாலில் ஒரு பங்கு கலக்கவும்.

பதிவு

பிக் ஃபினிஷ் வழக்கத்தில் நான்கு பாக நாடகம் பெரும்பாலும் இரண்டே நாளில் பதிவாகிவிடும். நடிகர்கள் தனித்தனிச் சிற்றறைகளில் நின்று, ஹெட்ஃபோனில் ஒருவரையொருவர் கேட்டு, ஒரே நேரத்தில் நடிப்பார்கள். சத்தமும் இசையும் பிறகுதான். இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒருவர் மேல் ஒருவர் பேசினாலும் குரல்கள் தனித்தனித் தடத்தில் இருப்பது.

வீட்டில் அவ்வளவு அறை கிடையாது. துணி நிறைந்த அலமாரி இருக்கும் படுக்கையறை, சுவரில் சாய்த்த மெத்தை, ஜன்னலுக்குக் கனமான போர்வை: இது போதும். மின்விசிறி, குளிர்சாதனம், குளிர்பெட்டி மூன்றையும் நிறுத்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். அறையின் வெறும் மௌனத்தை ஒவ்வொரு முறை உட்காரும்போதும் 30 விநாடி பதிந்து வையுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும்.

அலறல், அடி வாங்கும் முனகல், உயரத்திலிருந்து விழும் கத்தல் எல்லாவற்றையும் நாளின் கடைசியில் எடுங்கள். காலையிலேயே கத்தினால் மதியம் தொண்டை கரகரத்து, முன்பு பதிந்ததோடு ஒட்டாது. கத்தும்போது நடிகர் ஒரு கை தூரம் பின்வாங்கி, தலையை 30 டிகிரி திருப்பட்டும். மைக் உள்ளீட்டை 10 டெசிபெல் குறைத்து வையுங்கள். ஒவ்வொரு ஹீரோவிடமிருந்தும் குறைந்தது 20 தனி முனகல்கள் வேண்டும்: தூக்குவது, எம்புவது, இறங்குவது, இடது விலாவில் அடி, மூச்சு வாங்குவது. சண்டைக்காட்சி பொய்யாக ஒலிப்பதற்கு முதல் காரணம் ஒரே முனகலை மூன்று முறை ஒட்டியிருப்பது.

சத்தங்கள்

பிபிசியின் ஒலி உருவாக்கும் பிரிவான ரேடியோஃபோனிக் பட்டறையில் பிரையன் ஹாட்ஜ்சன் டார்டிஸ் சத்தத்தைச் செய்தது ஒரு வீட்டுச் சாவியால்: பழைய பியானோவின் தடித்த கம்பிகளில் அதைத் தேய்த்து, பதிந்ததை வேகம் மாற்றி, எதிரொலி சேர்த்து. உங்கள் காலக்கப்பலுக்கும் அப்படி வீட்டிலிருக்கும் ஒரு பொருளைத் தேடுங்கள். இரும்பு வாளியின் கைப்பிடி, கிரைண்டர் நிற்கும்போது இறங்கும் முனகல், எதுவானாலும் சரி. இணையத்தில் கிடைக்கும் ஆயத்த 'விண்கலம்' கோப்பை எடுத்தால் அது பத்து நாடகங்களில் ஏற்கெனவே வந்திருக்கும்.

குத்து ஒரே சத்தம் அல்ல, நான்கு. முதலில் காற்றைக் கிழிக்கும் வீச்சு, 200 மில்லி விநாடி: மெல்லிய மூங்கில் குச்சியை மைக்கிலிருந்து 40 செ.மீ. தள்ளி வீசினால் வரும். அடுத்து முறிவு: பச்சை முருங்கைக்காயையோ கேரட்டையோ படக்கென்று ஒடியுங்கள். அதற்கு 15 மில்லி விநாடி பின்னால் சதைமேல் விழும் தொப்பு: நனைத்துச் சுருட்டிய துண்டில் முஷ்டியால் அடிப்பது. கடைசியாக 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் ஆழ்ந்த அதிர்வு. சாதாரண மனிதர் அடித்தால் முதல் மூன்று போதும். நாலாவதை ஹீரோவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; பலம் என்பது அங்கேதான் கேட்கும். வீச்சை விட்டுவிட்டால் குத்து திடீரென்று விழுந்த பெட்டி போல ஒலிக்கும். காது தயாராக ஒரு முன்னறிவிப்பு வேண்டும்.

இரும்பு நெளிவதற்குத் துருப்பிடித்த கதவுக் கீலை மெதுவாகத் திறந்து பதிந்து, பாதி வேகத்தில் ஓட்டுங்கள். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், அளவு பெரிதாகும். உடையும் கண்ணாடிக்கு உண்மையான கண்ணாடியை உடைக்க வேண்டாம். உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் கையுறையோடு ஒரு தகரப் பெட்டியில் கொட்டினால் கலவையில் வித்தியாசம் தெரியாது.

பறப்பதற்கு முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: நேயர் எங்கே நிற்கிறார்? ஹீரோவோடு பறக்கிறார் என்றால் சுருதி மாறக்கூடாது. காற்று மட்டும் நிற்காமல் அறைய வேண்டும், கனமான படுக்கை விரிப்பை மைக்குக்கு முன்னால் உதறி மேலங்கியின் படபடப்பைச் சேர்க்கலாம். தரையில் நிற்கிறார் என்றால் டாப்ளர் விளைவு வேண்டும். விநாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கு மேல் போனால், வரும்போது சுருதி சுமார் ஒன்றரை அரைஸ்வரம் ஏறியும் போகும்போது அதே அளவு இறங்கியும் கேட்கும். மொத்த இறக்கம் மூன்று அரைஸ்வரம். பலர் ஒரு முழு ஸ்தாயியே இறக்கிவிடுவார்கள். காதுக்கு அது ஏவுகணை, மனிதர் அல்ல. கடந்துபோகும் கணத்தில் இறக்கம் வேகமாக நடக்க வேண்டும், கால் விநாடிக்குள். ஒரே காட்சியில் இந்த இரண்டு கோணத்தையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். நேயருக்குத் தலை சுற்றும், யார் பறக்கிறார்கள் என்பதே தெரியாமல் போகும்.

கலவை

வசனம் நடுவில் இருக்கட்டும். இடமும் வலமும் 30 சதவீதத்துக்கு மேல் நகர்த்த வேண்டாம். ஒரே காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்பவருக்கு ஒரு பாத்திரமே காணாமல் போகும். சத்தங்களை வேண்டுமானால் ஓரம் வரை வீசலாம். பேச்சு ஓடும்போது சூழல் ஒலி 10 டெசிபெல்லாவது கீழே. குத்துகள் சொற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் விழ வேண்டும், சொல்லின் மேல் அல்ல. இடைவெளி இல்லையென்றால் வசனத்தை வெட்டிப் பிரியுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் நீளும் சண்டையை வெட்டுங்கள். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு அது வெறும் இரைச்சல்தான்.

முடித்த கலவையை ஸ்டீரியோவில் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அளவு) அளவுக்கும், உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமலும் கொண்டுவாருங்கள். அதன்பின் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் முழு நாடகத்தையும் ஒருமுறை ஓட்டுங்கள். 60 ஹெர்ட்ஸில் நீங்கள் போட்ட அதிர்வு அங்கே கேட்கவே கேட்காது, ஹீரோவின் குத்து சாதாரண ஆளின் குத்தாகிவிடும். அந்தத் தடத்துக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் விளைவு) கொடுத்து 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை அதன் மேலொலிகளை எழுப்புங்கள்; சின்ன ஒலிபெருக்கியிலும் கனம் திரும்பிவரும். பிறகு ஸ்கிரிப்ட்டைப் படிக்காத ஒருவரைப் பேருந்தில் வைத்து முதல் பாகத்தைக் கேட்கச் சொல்லி, "என்ன சொன்னாங்க?" என்று அவர் கேட்கும் நிமிடத்தையும் விநாடியையும் குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் மட்டும் இசையை 3 டெசிபெல் இறக்குங்கள்.